மயக்கத்தை எதைக் கொண்டு அளப்பது?

"நடு ஆபரேஷன்ல முழிப்பு வந்துட்டா என்னடா பண்றது?" பித்தப்பை அறுவைக்கு நாள் குறித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி. "அதெல்லாம் வராதும்மா" என்று சொன்னேன். ஆனால் மென்பொருள்காரன் புத்தி சும்மா இருக்குமா? மயக்கத்தை எப்படி அளக்கிறார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன்.

அடிக்கடி நடக்கிற விஷயமில்லை. பிரிட்டன், அயர்லாந்து மருத்துவமனைகளைப் பற்றி 2014-ல் வெளியான பெரிய ஆய்வில், முழு மயக்கம் கொடுத்தவர்களில் ஏறக்குறைய 19,000 பேருக்கு ஒருவர்தான் நடுவில் நினைவு வந்ததாகப் பிறகு சொல்லியிருந்தார். அப்படிச் சொன்னவர்களில் பெரும்பாலோருக்குத் தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்தும் போயிருந்தது. சிக்கலே அங்கேதான். அந்த மருந்து ஏறிவிட்டால் வலித்தாலும் கை அசையாது, வாய் திறக்காது.

அதனால்தான் மூளையையே கேட்டுப் பார்க்கும் கருவிகள் வந்தன. அதிகம் புழங்குவது 'பிஸ்'. நெற்றியில் பட்டை ஒட்டி, மூளையின் மின்னலைகளை 0 முதல் 100 வரை ஓர் எண்ணாக மாற்றும். 40-க்கும் 60-க்கும் நடுவே இருந்தால் அறுவைக்கு ஏற்ற மயக்கம் என்பது கணக்கு. 'எண்ட்ரோபி' கருவி அலைகளின் ஒழுங்கின்மையை அளக்கும். நெற்றித் தசையின் சிக்னலைச் சேர்த்து ஒன்று, பெரும்பாலும் விலக்கி ஒன்று என இரண்டு எண் காட்டும். எனக்கு இது நேர்மையாகப் படுகிறது. ஏனென்றால் பிஸ் சறுக்குவதும் அந்தத் தசையில்தான். 2015-ல் வெளியான சோதனையில், 10 தன்னார்வலர்களுக்கு மயக்க மருந்தே கொடுக்காமல் தசை மருந்து மட்டும் கொடுத்தார்கள். முழு விழிப்பில் இருந்தவர்களுக்கு எண் 60-க்குக் கீழே, 44 வரைகூட இறங்கியது! கெட்டமின் கொடுத்தால் தலைகீழ்: ஆள் மயங்கியிருப்பார், எண் ஏறும்.

அப்போ பயனே இல்லையா? எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. விழிப்பு வரும் ஆபத்து அதிகமுள்ள 2,463 பேரை வைத்து 2004-ல் வந்த ஆய்வில், வழக்கமான கவனிப்பில் 11 பேருக்கு விழிப்பு, பிஸ் வைத்தவர்களில் 2 பேருக்குத்தான். 2011-ல் ஏறக்குறைய 6,000 பேரிடம் வேறு மாதிரி ஒப்பிட்டார்கள். வெளிவிடும் மூச்சில் மயக்க வாயு குறைந்தால் அலாரம் அடிப்பது ஒரு பக்கம், பிஸ் மறுபக்கம். வாயு அலாரத்தில் 2 பேர், பிஸ்ஸில் 7 பேர். வாயு கொடுத்தால் மூச்சை அளப்பதே போதும் போலிருக்கிறது. புரோபோஃபால் மாதிரி நரம்பு வழியாக மட்டும் மயக்கம் கொடுத்தால் அப்படி மூச்சை அளக்க முடியாது. அங்கே தசை மருந்தும் சேர்ந்தால் மூளைக் கருவி வேண்டும் என்று பிரிட்டன் மயக்க மருத்துவர் சங்கம் 2018-ல் பரிந்துரைத்தது.

இதற்கெல்லாம் முன்பே, 1977-ல், எளிய வழி ஒன்று வந்தது. தசை மருந்து போகுமுன் ஒரு கையைப் பட்டையால் இறுக்கிக் கட்டி, மருந்து அதற்குள் போகாமல் தடுத்துவிடுவார்கள். பிறகு காதருகே "கையை அழுத்துங்க" என்பார்கள். 2017-ல் வந்த பன்னாட்டு ஆய்வில் 260 பேரில் 12 பேர் அழுத்தினார்கள். எல்லா இடத்திலும் செய்வதில்லை; ஆராய்ச்சியில்தான் அதிகம். ஆங்கிலம் தெரியாத நம்ம வீட்டுப் பெரியவர்களிடம் அதை யாராவது தமிழில்தானே சொல்ல வேண்டும்?

அறுவைக்கு முன் மயக்க மருத்துவர் பார்க்க வருவார். வாயுவா, நரம்பு வழியா, தசை மருந்து உண்டா, எதை வைத்துக் கவனிப்பீர்கள் என்று தாராளமாகக் கேட்கலாம். முன்பு எப்போதாவது நடுவில் நினைவு வந்திருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள்.