வீட்டுக் கணினிக்கு ஏற்ற மேலோடியும் ஒலி ஒளி மென்பொருளும்

நூல் வாங்குவோர் அட்டையின் அழகை மாத்திரம் நோக்கி வாங்குவதில்லை. பதிப்பித்தவர் யாவர், பிழையற அச்சிடப்பட்டதா, ஏடு குறையாதிருக்கின்றதா என்பவற்றையும் ஆராய்ந்தே வாங்குவர். ஆறுமுக நாவலர் (1822 - 1879) பதிப்பித்த நூல்கள் ஈழத்திலும் தமிழகத்திலும் ஒருங்கே மதிக்கப்பட்டமைக்குக் காரணம், அவற்றின் பாடத்தை ஐயமின்றி ஏற்கலாம் என்னும் உறுதி கற்றோரிடத்து நிலைபெற்றிருந்தமையேயாகும். நூலைத் தெரிவதிற் கைக்கொள்ளப்பட்ட இவ்விழிப்பு, கணினிக்கு மென்பொருள் தெரியுமிடத்துப் பெரும்பாலும் கைவிடப்படுகின்றது. திரையில் எது முதலிலே தோன்றுகின்றதோ அதனை அழுத்துவதும், அயலவர் கொண்டுவந்து கொடுத்ததை அப்படியே பதிந்துகொள்வதும் வழக்கமாகிவிட்டன. இதனால் விளையுங் கேடு யாது, அதனைத் தவிர்க்கும் வழி யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

வலிகாமம் தெற்கிலுள்ள உடுவிற் பகுதியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1824 ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலை தோன்றிய ஊர் இது. கல்வியிற் பற்றுடைய குடும்பங்களும், செம்மண் தோட்டங்களை நம்பி வாழுங் குடும்பங்களும், கடல்கடந்து வாழும் பிள்ளைகளின் உதவியோடு நடைபெறுங் குடும்பங்களும் இங்கு அடுத்தடுத்து உள்ளன. இத்தகைய வீடுகளிற் காணப்படும் கணினிகளுட் சில புதியவை. பல, உறவினர் பயன்படுத்திய பின் அனுப்பிவைத்தவை. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையவழிப் பாடம் பெறுவதற்கு இக்கருவிகளே துணையாயின. இன்று ஒரே கணினியிற் பிள்ளை பாடம் படிக்கின்றாள்; தந்தை வங்கிக் கணக்கைப் பார்க்கின்றார்; பாட்டி கனடாவிலுள்ள பேரனின் முகத்தைக் காண்கின்றாள். ஆதலின், அதிற் பதியப்படும் மென்பொருள் பழுதுடையதாயின் அப்பழுது ஒருவரோடு நில்லாது வீடு முழுவதையும் பற்றும்.

இணையப் பக்கங்களைப் பெற்றுக் காட்டும் மென்பொருளை ஈழத்தார் மேலோடி என்றும், தமிழகத்தார் உலாவி என்றும் வழங்குவர். முதல் மேலோடியை, சுவிற்சலாந்து நாட்டிலுள்ள சேர்ண் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ரிம் பேர்ணர்ஸ் லீ என்பார் 1990 ஆம் ஆண்டில் ஆக்கினார். 1993 இல் மொசாயிக்கும், 1994 இல் நெற்ஸ்கேப்பும், 1995 இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் இன்ரநெற் எக்ஸ்புளோறரும் தோன்றின. விண்டோசுடன் இணைத்தே வழங்கப்பட்டமையால் எக்ஸ்புளோறர் ஏனையவற்றை வென்றது. 2002, 2003 ஆம் ஆண்டுகளில் இணையத்தைப் பயன்படுத்தியோருட் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேற்பட்டோர் அதனையே கையாண்டனர்.

அவ்வெற்றியின் விளைவு சிந்திக்கற்பாலது. 2001 இல் ஆறாம் பதிப்பு வெளிவந்தது. ஏழாம் பதிப்பு 2006 இலேயே வெளிவந்தது. போட்டியாளர் இல்லாத இடத்தில் முயற்சி தளர்ந்தது. பாதுகாப்புக் குறைபாடுகளோ பெருகின. நெற்ஸ்கேப்பின் மூலநிரல் 1998 இல் யாவர்க்கும் வெளியிடப்பட்டமையால் உருவான மொசில்லாத் திட்டம், 2004 நவம்பர் 9 ஆந் திகதி பயர்பொக்ஸ் மேலோடியின் முதற் பதிப்பை வெளியிட்டது. 2008 செப்ரெம்பரிற் கூகிளின் குரோம் வந்தது. எக்ஸ்புளோறர் 2022 யூன் 15 ஆந் திகதியுடன் ஓய்வுபெற்றது. ஒரு காலத்தில் அசைக்கவொண்ணாததாய் நின்ற மென்பொருளும் நிலையானதன்று என்பதும், பலர் பயன்படுத்துகின்றனர் என்பது மாத்திரம் நம்பகத்தன்மைக்குச் சான்றாகாது என்பதும் இவ்வரலாற்றால் அறியப்படும்.

இன்றுள்ள மேலோடிகள் பெயராற் பல, எந்திரத்தாற் சிலவே. குரோம், எட்ஜ், ஒப்பேரா, பிறேவ் ஆகியன யாவும் குரோமியம் என்னும் ஒரே அடித்தளத்தின்மீது எழுந்தவை. அப்பிள் நிறுவனத்தின் சபாரி வெப்கிற் என்னும் எந்திரத்தையும், பயர்பொக்ஸ் கெக்கோ என்னும் எந்திரத்தையும் கொண்டுள்ளன. எனவே ஒரு வீட்டுக் கணினியில் இரண்டு மேலோடிகளை வைக்க விரும்புவோர், குரோமும் எட்ஜும் போன்ற ஒரே அடித்தளத்தனவாய் அன்றி, குரோமும் பயர்பொக்ஸும் போன்று வேறுபட்ட அடித்தளத்தனவாய் வைத்தல் நன்று. ஒன்றில் ஒழுங்காகத் தோன்றாத பக்கம் மற்றொன்றில் தோன்றும். ஒன்றை வங்கி அலுவலுக்கும் மற்றொன்றைப் பொதுவான வாசிப்புக்கும் எனப் பிரித்துக்கொள்ளின் பாதுகாப்பும் மிகும்.

தெரிவு செய்யுங்கால் நோக்கவேண்டியவை நான்கு. முதலாவது, ஆக்கியோர் யாவர் என்பதும் எங்கிருந்து பெறப்பட்டது என்பதுமாம். மென்பொருளை அதனை ஆக்கியோரின் தளத்திலிருந்து மாத்திரமே இறக்குதல் வேண்டும். தேடுபொறியிற் பெயரைத் தட்டியவுடன் மேலே தோன்றுவது சிலபோது பணங்கொடுத்து இடம்பெற்ற விளம்பரமாயிருக்கும். உண்மைத் தளத்தைப் போன்றே புனையப்பட்ட போலித் தளமாகவும் இருக்கக்கூடும். பிற தளங்களிற் பெரிய பச்சைப் பொத்தானைக் காட்டி இறக்கச் செய்வன, கேட்ட மென்பொருளோடு கேளாத பலவற்றையும் உடன்கொணரும். பூட்டுடைத்த திருட்டுப் பிரதிகள் இவற்றினும் கொடியன. காப்பு மென்பொருளை நிறுத்திவிட்டுப் பதிக என்று அவற்றோடு வரும் குறிப்பு, காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு வீட்டுக் கதவைத் திறந்துவைக்க என்று கூறுவதை ஒக்கும்.

இரண்டாவது, இடையறாத புதுப்பித்தல். எம்மென்பொருளிலும் குறைபாடு உண்டு. நல்ல மென்பொருள் என்பது குறையே அற்றதன்று. குறை கண்டவுடன் திருத்தப்படுவதே நல்லது. குரோமும் பயர்பொக்ஸும் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பைப் பெற்று வந்துள்ளன. ‘புதுப்பிக்க’ என்று கேட்கும்போது, தரவு வீணாகும் என்றெண்ணிப் பலர் மறுத்துவிடுகின்றனர். அச்சிக்கனம், கூரையின் ஒழுக்கை அடைக்காது விடுத்து ஓட்டின் விலையை மிச்சம்பிடிப்பது போன்றதாம். புதுப்பித்தலுக்கான அறிவித்தல் மேலோடியின் தெரிவுப்பட்டியலுள்ளே தோன்றின் ஏற்கலாம். யாதாயினும் ஓர் இணையப் பக்கத்தின் நடுவே தோன்றின் அது பெரும்பாலும் பொய்யேயாம்.

மூன்றாவது, தமிழெழுத்து. ஈழத்தவரிடையே பாமினி என்னும் எழுத்துரு நெடுங்காலம் வழங்கியது. அது ஆங்கில எழுத்துக்களின் இடங்களிலே தமிழ் வடிவங்களை அமர்த்திய முறையாதலின், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அப்பக்கம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாய்த் தோன்றும். பின்னர், எல்லா மொழிகளுக்கும் தனித்தனி இடம் வகுத்த ஒருங்குறி பரவியது. 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. விண்டோஸ் 2000 இல் லதா என்னும் ஒருங்குறி எழுத்துரு உடன்வந்தது. இன்றைய மேலோடிகள் யாவும் ஒருங்குறித் தமிழைச் செவ்வனே காட்டுகின்றன. கொம்பும் காலும் இடம்மாறித் தோன்றும் மேலோடி ஒன்று வீட்டில் இருக்குமாயின், அது காலங்கடந்த பதிப்பு என்பதற்கு அதுவே சான்றாகும்.

நான்காவது, வீட்டாரின் மறையைக் காத்தல். எத்தளத்தை எப்பொழுது பார்த்தனர் என்னுஞ் செய்தி விளம்பரக்காரர்க்குப் பெறுமதியுடைய சரக்காகும். தொடர்ந்து வேவுபார்க்கும் நிரல்களைத் தடுக்கும் வசதி பயர்பொக்சிலும் சபாரியிலும் இயல்பாகவே அமைந்துள்ளது. பிறவற்றில் அமைப்புக்களைச் சென்று பார்த்தல் வேண்டும். மேலோடியோடு சேர்க்கப்படும் நீட்சிகளிலும் விழிப்பு வேண்டும். ஒரு நீட்சிக்கு எல்லாப் பக்கங்களையும் படிக்கும் உரிமை கொடுக்கப்படின், வங்கிப் பக்கமும் அதிலடங்கும். முகவரிப் பகுதியிற் காணப்பட்ட பூட்டுக் குறியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். தகவல் இடைவழியிற் களவுபோகாது என்பதையே அது குறித்தது; தளத்தை நடத்துவோர் நேர்மையுடையோர் என்பதைக் குறித்ததன்று. மக்கள் அதனைப் பிழைபடப் பொருள்கொண்டமையாலேயே 2023 இல் குரோம் அக்குறியை நீக்கி வேறொன்றை அமைத்தது.

இனி, ஒலி ஒளி மென்பொருளை நோக்குவாம். காணொளிக் கோப்பு ஒன்று இயங்காதபோது, கோப்புப் பழுதடைந்துவிட்டது என்று பலர் முடிவுசெய்கின்றனர். உண்மை பெரும்பாலும் வேறு. எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.கே.வி. என்பன கோப்பின் பெட்டகத்தைக் குறிக்கும் பெயர்கள். அப்பெட்டகத்தினுள்ளே படமும் ஒலியும் ஏதோ ஒரு குறிமுறையிற் சுருக்கி வைக்கப்பட்டுள்ளன. ஏட்டுக்கட்டின் கயிற்றை அவிழ்க்கத் தெரிந்த ஒருவர்க்கு உள்ளேயுள்ள கிரந்த எழுத்தை வாசிக்கத் தெரியாதிருக்கலாம். அதுபோலவே பெட்டகத்தைத் திறக்கும் மென்பொருளுக்குக் குறிமுறை தெரியாதாயின் ஒலி மாத்திரம் கேட்கும். அல்லது கரிய திரை மாத்திரம் தோன்றும்.

இவ்விடத்திலேதான் வஞ்சகர் புகுகின்றனர். ‘இக்காணொளியைக் காண இம்மென்பொருளை இறக்குக’ என்னும் அறிவித்தல், நச்சுநிரலைப் பரப்புவோர் நெடுங்காலமாகக் கையாளும் தந்திரமாகும். குறிமுறைகளைத் தன்னகத்தே கொண்ட நம்பத்தகு மென்பொருள் ஒன்று முன்னரே கணினியில் இருக்குமாயின் இவ்வலையில் வீழ வேண்டிய தேவை எழாது. அத்தகையது வி.எல்.சி. என்பது. பாரிஸ் நகரின் எக்கோல் சென்றால் பொறியியற் கல்லூரி மாணவர் 1996 இல் ஒரு மாணவர் திட்டமாய்த் தொடங்கிய இம்முயற்சி, 2001 இல் மூலநிரலோடு பொதுவுரிமத்தின்கீழ் உலகுக்கு வழங்கப்பட்டது. வீதியில் வைக்கப்படும் செம்மஞ்சட் கூம்பு இதன் அடையாளம். விலையில்லை, விளம்பரமில்லை, விண்டோஸ், மக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும்.

ஈழத்து வீடுகளில் இதற்குத் தனிப்பயன் ஒன்றுண்டு. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் கடல்கடந்த நாடுகளில் நிகழ்ந்த பிள்ளைகளின் திருமணங்களைப் பெற்றோர் பலர் நேரிற் கண்டிலர். தபாலில் வந்த வி.சி.டி. வட்டுக்களின் வாயிலாகவே கண்டனர். வானொலியிலிருந்தும் கோயில் திருவிழாக்களிலிருந்தும் பதிந்த நாதசுர, தவிற் கச்சேரிகள் ஒலிப்பேழைகளிலிருந்து றியல் ஓடியோ, விண்டோஸ் மீடியா முதலிய வடிவங்களுக்கு மாற்றப்பட்டுப் பல வீடுகளில் உள்ளன. அவ்வடிவங்களுட் சில இன்று வழக்கொழிந்தன. விண்டோசுக்கான குவிக்ரைம் 2016 இற் கைவிடப்பட்டது. பிளாஷ் 2020 டிசெம்பர் 31 ஆந் திகதியோடு முடிவுற்றது. வி.சி.டி. வட்டின் கோப்புக்களையும் பழைய றியல் ஓடியோக் கோப்புக்களுட் பெரும்பாலானவற்றையும் வி.எல்.சி. இயக்கவல்லது, பலவற்றை எம்.பி.3, எம்.பி.4 போன்ற பொது வடிவங்களுக்கு மாற்றவும் வல்லது. ஆனால் வட்டுத்தானே காலப்போக்கில் அழியும் இயல்பினது. மணமேடையில் நின்ற மகளின் முகமும், மறைந்த தந்தையின் குரலும் அதிலிருப்பின், இயங்கும்போதே பிரதிசெய்து இரண்டு இடங்களில் வைத்தல் வேண்டும். இயங்காது போன பின்னர் வருந்துவதாற் பயனில்லை.

பழைய கணினியுடையோர் பிறிதொன்றையும் அறிதல் வேண்டும். விண்டோஸ் 7 இற்கான பொது ஆதரவு 2020 சனவரியிலும், விண்டோஸ் 10 இற்கானது 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியும் முடிவுற்றன. குரோம் 2023 இன் தொடக்கத்திலே விண்டோஸ் 7 ஐக் கைவிட்டது. அடித்தளம் திருத்தப்படாதவிடத்து அதன் மேலுள்ள மேலோடி எத்துணை நல்லதாயினும் காவல் முழுமையடையாது. புதுக்கணினி வாங்க வசதியில்லாதோர், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் மின்ற் போன்ற ஒன்றைப் பதிந்துகொள்ளலாம். பயர்பொக்சும் வி.எல்.சி.யும் அதில் இயங்கும். பல்லாண்டு பழமையான கருவியும் மறுபடி பயன்தரும்.

இத்துணைக் கவனம் எதற்கு என வினவுவாரும் உளர். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது, மீளப்பெறற்கரிய ஏடுகளும் நூல்களும் சாம்பராயின. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் கல்லூரி மலர்களையும் பி.டி.எவ். வடிவிற் சேர்த்து யாவரும் இலவசமாகப் படிக்கத் தந்துள்ளது. உடுவிலில் ஒரு வீட்டு முன்விறாந்தையில் இருந்துகொண்டே, பாட்டனார் கல்லூரி மாணவராயிருந்தபோது எழுதிய கட்டுரையைப் பேத்தி படித்தல் இன்று கூடும். அதற்குத் தனியான மென்பொருளும் வேண்டியதில்லை. இன்றைய மேலோடிகள் பி.டி.எவ். கோப்பைத் தாமே காட்டவல்லன. எரிந்தொழிந்த பின்னரும் எஞ்சியவற்றுக்கான வாயில் இவ்வாறு வீட்டினுள்ளேயே திறந்திருக்கின்றது.

அவ்வாயிலைக் காக்கும் முறை அரிதன்று. வேறுபட்ட அடித்தளமுடைய இரண்டு மேலோடிகளும், ஒரு வி.எல்.சி.யும் வீட்டுக்குப் போதும். அவற்றை ஆக்கியோரிடமிருந்தே பெறுக. கேட்கும்போது புதுப்பிக்க விடுக. வேண்டாத நீட்சிகளை நீக்குக. அரியவற்றுக்குப் பிரதி வைக்க. பாடசாலையில் இவற்றைக் கற்கும் மாணவர், விடுமுறை நாளொன்றில் வீட்டிலுள்ள பெரியோரின் கணினியைத் திறந்து இந்நான்கையும் செய்துகொடுப்பாராயின், கற்ற கல்வியின் பயன் அன்றே வீட்டுக்குக் கிட்டியதாகும்.