படமும் உரையும்

உலகத்தின் எந்த மூலையில் வெள்ளம் வந்தாலும், எந்த எரிமலை வெடித்தாலும், எந்த வனத்தில் எந்த ஜனக்கூட்டம் வாழ்ந்தாலும், அதன் படம் உடனே நம் கைக்கு வந்துவிடுகிறது. பார்க்கிறோம், அதிசயிக்கிறோம், அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். படம் பார்ப்பது தவறன்று. பார்த்ததோடு கடமை தீர்ந்தது என்று எண்ணுவதே தவறு. இதை உணர்வதற்குத் தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு அயல்நாட்டு உதாரணம் வேண்டியதில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அங்கே ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட இது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. பிரயாணிகள் சுமார் 800 பேர். அடிமண் கரைந்து அந்தரத்தில் தொங்கிய தண்டவாளத்தின் படத்தை நாடெங்கும் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பிரயாணிகளுக்கு அருகிலுள்ள புதுக்குடி ஊரார் சோறு சமைத்துக் கொடுத்ததை எத்தனை பேர் அறிவார்கள்?

ஆகாய விமானத்திலிருந்து எடுத்த படத்தில் எல்லாம் ஒரே கடலாகத் தெரியும். அதில் ஆற்று நீர் எது, உடைந்த குளத்து நீர் எது என்று படம் சொல்லுமா? அன்று மலையில் மட்டும் மழை பெய்யவில்லை; சமவெளியிலும் கடற்கரையிலும் பெய்தது. ஆறு பெருகியதோடு பல குளங்களும் உடைந்தன. இந்தக் காரணங்களை விசாரிக்காதவன் 'இயற்கையின் சீற்றம்' என்று சொல்லி நகர்ந்துவிடுவான். விசாரிப்பவனோ குளக்கரையும் மடையும் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்பான்.

வெள்ளத்துக்குச் சொன்னது மனிதருக்கும் பொருந்தும். சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், தென்னிந்திய ஜாதிகளையும் குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு பாகங்கள் வெளியிட்டார். மக்களின் மண்டையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தவர் அவர். அந்நூலின் படங்களில் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் ஜாதிப் பெயர் உண்டு. சொந்தப் பெயர் இல்லை. மனிதர் அங்கே மாதிரிப் பொருளாகிவிட்டனர்.

விக்கிரமசிங்கபுரத்துக்கு மேலே, காரையாறு, சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழிப் பக்கங்களில் காணிக்காரர் வாழ்கின்றனர். 'காணி' என்றாலே நில உரிமை என்று பொருள். பெயரிலேயே உரிமையைத் தாங்கியவர்களை 'எங்கோ ஒதுங்கிய விசித்திர மக்கள்' என்று படத்தின் கீழ் எழுதுவது என்ன நியாயம்? 1987-இல் இம்மலைத் தொடரின் கேரளப் பக்கத்தில், களைப்பை நீக்கும் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை விஞ்ஞானிகளுக்கு உணர்த்தியவர்கள் காணிக்காரரே. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. வருமானத்தில் அவர்களுக்கும் பங்கு ஏற்பட்டது. காமிராவை நீட்டியதால் கிடைத்த பலனன்று இது. மரியாதையோடு கேட்டதால் கிடைத்தது. வனவாசிகளின் நில உரிமையை ஏற்ற சட்டம் 2006-இல்தான் வந்தது என்பதையும் மறக்கலாகாது.

சிவஞானபோதத்துக்கு மாபாடியம் இயற்றிய சிவஞான முனிவர் பிறந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். மூலத்துக்கு உரை எத்துணை அவசியம் என்பதை இவ்வூராருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. படம் மூலம்; விவரமே அதன் உரை. ஆகவே, ஊர்தோறும் வெள்ளப் படங்களைத் திரட்டி, தேதி, இடம், நீர் ஏறிய உயரம் ஆகியவற்றைக் குறித்து வாசகசாலையில் வைக்க வேண்டும். மனிதரைப் படம் எடுப்பவர் அவர் சம்மதம் பெற்று, பெயரையும் எழுத வேண்டும். 1992 நவம்பரிலும் தாமிரபரணி பெருகி உயிர்களைக் கொண்டுபோயிற்று; 2023-இலும் வந்தது; இனியும் வரும். அப்பொழுது அதிசயித்துப் பார்த்துக்கொண்டிருப்போமா, ஆயத்தமாக இருப்போமா? இளைஞர்கள் இவ்வேலையை இன்றே தொடங்குவார்களாக.