லைம் நோய்: இரத்தப் பரிசோதனையின் எல்லையும் சிகிச்சைக்குப் பின் நீடிக்கும் துன்பமும்

உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய், பொரேலியா பர்க்டோர்ஃபெரி என்னும் சுருள் வடிவப் பாக்டீரியாவாலும் அதற்கு நெருங்கிய சில இனங்களாலும் உண்டாவது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும், விஸ்கான்சின், மினசோட்டா மாநிலங்களிலும், ஐரோப்பாவின் காட்டோர ஊர்களிலும் இது பரவலாகக் காணப்படுகிறது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,76,000 பேர் இந்நோய்க்கெனச் சிகிச்சை பெறுவதாக அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி மதிப்பிட்டுள்ளது. உரிய காலத்தில் மருந்து உட்கொண்டவர்களில் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகின்றனர். ஆயினும் இரத்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது விளக்கப்படாமையாலும், சிகிச்சைக்குப் பின்னும் விலகாத வலியும் சோர்வும் ஒருபுறம் மறுக்கப்பட்டு மறுபுறம் வணிகமாக்கப்படுவதாலும், தவிர்த்திருக்கக்கூடிய துன்பத்துக்குப் பலர் ஆளாகின்றனர்.

இந்நோய் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்ததே நோயாளிகளின் விடாமுயற்சியால்தான். கனெக்டிகட் மாநிலத்தின் லைம் வட்டாரத்தில் குழந்தைகள் பலருக்கு ஒரே காலத்தில் மூட்டு வீக்கம் காண்பதை 1975-இல் இரு தாய்மார்கள் விடாது எடுத்துச்சொன்ன பின்னரே யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீரும் அவருடைய குழுவினரும் ஆய்வைத் தொடங்கினர். 1981-இல் மொன்டானாவின் ராக்கி மலை ஆய்வகத்தில் வில்லி பர்க்டோர்ஃபர் உண்ணிகளின் உடலுக்குள் அந்தப் பாக்டீரியாவைக் கண்டார்.

நோயைப் பரப்புவதில் முதன்மைப் பங்கு வகிக்கும் இளம் உண்ணி ஒரு கசகசா விதையின் அளவே இருக்கும் என்பதாலும், அதன் கடி வலிப்பதில்லை என்பதாலும், கடிபட்டது நினைவில் இல்லை என்று நோயாளி கூறுவதை வைத்து நோய் இல்லை என முடிவுகட்டக் கூடாது. கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள், நூற்றுக்கு 70 முதல் 80 பேருக்கு, நாளுக்கு நாள் விரிந்து பரவும் செந்தடிப்பு தோலில் தோன்றுகிறது. உண்ணி வாழும் பகுதியில் வசிப்பவரிடம் அல்லது அங்கே சென்றுவந்தவரிடம் இத்தடிப்பு தெளிவாகக் காணப்பட்டால் இரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கலாம் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். பாடநூல்களில் காட்டப்படும் வளைய வடிவம் எல்லோருக்கும் வருவதில்லை. பலருக்கு அது ஒரே நிறத் திட்டாகவே அமைகிறது. கருநிறத் தோலிலும் மாநிறத் தோலிலும் சிவப்பு தெரியாமல், அடிபட்டுக் கன்றிய இடம்போலத் தோன்றுவதால் நோய் தாமதமாகக் கண்டறியப்படும் அபாயம் மிகுதி. நியூஜெர்சி, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதனை மனத்தில் இருத்த வேண்டும். ஐயத்துக்குரிய திட்டின் ஓரத்தை மையால் கோடிட்டு, நாள்தோறும் ஒளிப்படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுவது பெரிதும் உதவும்.

தடிப்பு இல்லாதபோதுதான் இரத்தப் பரிசோதனை முதன்மை பெறுகிறது. அது பாக்டீரியாவைத் தேடுவதில்லை. பாக்டீரியாவை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அவ்வெதிர்ப்பொருள் உருவாகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், தடிப்பு தோன்றிய தொடக்க நாட்களில் எடுக்கப்படும் பரிசோதனை பாதிக்கும் மேற்பட்டோருக்கு ‘நெகட்டிவ்’ என்றே வரக்கூடும். மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்னில் 1994-இல் நடந்த கூட்டத்தில் பரிந்துரைக்கப்பட்ட முறையின்படி, முதலில் எலைசா என்னும் பரிசோதனையும், அது நெகட்டிவ் அல்லாதபோது வெஸ்டர்ன் பிளாட் என்னும் இரண்டாம் பரிசோதனையும் செய்யப்படுகின்றன. பின்னதில், பாக்டீரியாவின் வெவ்வேறு புரதங்கள் பதிக்கப்பட்ட மெல்லிய பட்டையின்மீது நோயாளியின் இரத்தநீர் இடப்படுகிறது. எதிர்ப்பொருள் ஒட்டிய இடங்கள் கோடுகளாகத் தெரிகின்றன. நீண்ட காலம் நிலைக்கும் ஐஜிஜி வகைக்குக் குறிப்பிட்ட 10 கோடுகளில் 5-ம், முதலில் தோன்றும் ஐஜிஎம் வகைக்கு 3 கோடுகளில் 2-ம் தெரிந்தால்தான் ‘பாசிட்டிவ்’. இரண்டாம் படியிலும் எலைசா வகைப் பரிசோதனையையே பயன்படுத்தும் மாற்று முறைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-இல் அனுமதி வழங்கியது.

ஐஜிஎம் முடிவு நோயின் முதல் 30 நாட்களுக்கு மட்டுமே பொருந்தும். மாதக்கணக்காக உடல்நலம் குன்றியவருக்கு அது ஒன்றை மட்டும் வைத்து லைம் நோய் என்று சொல்வது பெரும்பாலும் தவறாகவே முடிகிறது. அதேபோல, குணமடைந்த பின்னும் எதிர்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் தங்கிவிடுவதால், மருந்து வேலை செய்ததா என்று அறிய மீண்டும் பரிசோதிப்பதில் பயனில்லை. சில தனியார் ஆய்வகங்கள் தாமே வகுத்த அளவுகோல்களைக் கொண்டும் சிறுநீரைக் கொண்டும் நோயை உறுதிசெய்வதாகக் கூறுகின்றன. ஆய்வகத்துக்கு அரசுச் சான்றிதழ் இருப்பது அங்குள்ள பணித்தரத்தைக் குறிக்குமேயன்றி, குறிப்பிட்ட ஒரு பரிசோதனை நோயைச் சரியாகக் கண்டறிகிறது என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

டாக்ஸிசைக்ளின் முதலிய ஆன்டிபயாடிக்குகளை இரண்டு வாரம் வரையிலும், மூட்டு பாதிக்கப்பட்டிருந்தால் நான்கு வாரமும் உட்கொள்வதே வழக்கமான சிகிச்சை. இதன் பின்னும் சோர்வு, உடல்வலி, நினைவுத் தடுமாற்றம் ஆகியவை ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்குமானால் அந்நிலை ‘சிகிச்சைக்குப் பிந்தைய லைம் நோய்க் கூட்டறிகுறி’ எனப்படுகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் அவ்காட் குழுவினர், தொடக்கத்திலேயே உரிய சிகிச்சை பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நூற்றுக்கு 14 பேரிடம் இந்நிலை காணப்பட்டது. லைம் நோய் வராதவர்களிடம் அது நூற்றுக்கு 4 அளவிலேயே இருந்தது. இத்துன்பம் மனப்பிரமை என்று ஒதுக்கப்படுவதற்கு இனி இடமில்லை. இறந்த பாக்டீரியாவின் செல்சுவர்த் துணுக்குகள் மூட்டு நீரில் தங்கியிருப்பதும், நோயெதிர்ப்பு மண்டலம் கிளர்ச்சி அடங்காமல் இருப்பதும் காரணங்களாக ஆராயப்படுகின்றன.

துன்பம் மெய் என்பதால் அதற்கு மேலும் மேலும் ஆன்டிபயாடிக் கொடுப்பதே தீர்வு என்று ஆகிவிடாது. 2001-இல் வெளியான கிளெம்ப்னர் குழுவினரின் ஆய்வில் ஒரு பிரிவினருக்கு 30 நாள் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியும் 60 நாள் டாக்ஸிசைக்ளினும், மறு பிரிவினருக்கு மருந்தற்ற போலி மருந்தும் தரப்பட்டன. இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நெதர்லாந்தில் 280 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வும், இரண்டு வார ஊசி மருந்துக்குப் பின் மேலும் 12 வார மருந்து கூடுதல் பயன் தரவில்லை என்றே கண்டது. சோர்வு ஓரளவு குறைந்ததாகக் கூறிய 2003-ஆம் ஆண்டின் ஆய்விலும் நினைவுத்திறன் மேம்படவில்லை. பக்கவிளைவுகளின் காரணமாக அதனை நடத்தியவர்களே அம்மருத்துவத்தைப் பரிந்துரைக்கவில்லை. மாதக்கணக்கில் சிரை வழியே மருந்து ஏற்றப்பட்டவர்களுக்குக் கடுமையான இரத்தத் தொற்று ஏற்பட்டதையும் சிலர் உயிரிழந்ததையும் சிடிசி 2017-இல் பதிவு செய்தது. வேறொரு நோய் இருப்பது கவனிக்கப்படாமல் போவது இதனினும் அதிகம் பேசப்படாத ஆபத்து. எனவே தைராய்டு, இரத்தச்சோகை, தூக்கக் குறைபாடு, மனச்சோர்வு, தன்னுடல் தாக்கு நோய்கள் ஆகியவற்றைப் பொறுமையாக ஆராய்ந்து, கண்டறிந்ததற்கு உரிய சிகிச்சை தருவது மருத்துவரின் கடமையாகிறது.

தொடக்கப் பரிசோதனை நெகட்டிவ் என வந்தாலும் நோய் இல்லை என்று உறுதியாகாது என்பதை நோயாளியிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என வர்ஜீனியா மாநிலம் 2013-இல் இயற்றிய சட்டம் 2018 வரை நடைமுறையில் இருந்தது. அத்தகைய சட்டம் இல்லாத இடத்திலும் இக்கேள்வியை நோயாளி தாமே எழுப்பலாம். அறிகுறி தொடர்ந்தால் சில வாரங்களுக்குப் பின் மறுபரிசோதனை கோரலாம். தம் மருத்துவப் பதிவேடுகளின் நகலைக் கேட்டால் பொதுவாக 30 நாட்களுக்குள் பெறும் உரிமை அமெரிக்கச் சட்டத்தில் உண்டு. காப்பீட்டு நிறுவனம் செலவை ஏற்க மறுத்தால் பெரும்பாலான திட்டங்களில் 180 நாட்களுக்குள் அந்நிறுவனத்திடமே மேல்முறையீடு செய்யலாம். அதுவும் தள்ளப்பட்டால் சார்பற்ற வெளி மதிப்பீட்டாளரை நாடலாம்.

மருத்துவ ஆய்வில் சேர விரும்புவோர், ஆய்வின் நோக்கம், இடர், போலி மருந்து கிடைக்கும் வாய்ப்பு ஆகியவை தெளிவாக எழுதப்பட்ட ஒப்புதல் படிவத்தைப் படித்த பின்னரே கையெழுத்திட வேண்டும். எந்த நேரத்திலும் காரணம் கூறாமல் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை பறிபோகாது. அரசின் இணையப் பட்டியலில் ஓர் ஆய்வு இடம்பெற்றிருப்பது அரசின் ஒப்புதல் ஆகாது என்பதால், நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா என்பதைக் கேட்டறிவதும், பங்கேற்பதற்கே பெருந்தொகை கேட்கப்பட்டால் வேறு மருத்துவர் ஒருவரின் கருத்தைப் பெறாமல் ஒப்புக்கொள்ளாதிருப்பதும் அவசியம்.