கிடங்கில் கிடக்கும் பழைய கார்: காயலான் கடைக்கு அனுப்புமுன் ஒரு பார்வை



வல்லத்தில் உள்ள நமது மல்லாட்டைக் கிடங்கின் பின்கோடியில் ஒரு கார் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருந்தது. நமது தந்தையார் 1961-இல் சென்னையில் செகண்ட் ஹேண்டாக வாங்கி வந்த வண்டி அது. ஊரில் அதற்குப் பெயர் 'மண்டிக்காரர் பிளசர்'. வீட்டில் அதற்குப் பெயர் 'ஆஸ்டின்'. தந்தையார் அப்படிச் சொன்னார், நாமும் அப்படியே சொல்லி வந்தோம். அவர் காலத்தில் செஞ்சிச் சந்தைக்கும், மேல்மலையனூர் அமாவாசைக்கும் அந்த வண்டியில்தான் போய்வந்தோம். 1970களின் கடைசியில் கிளட்ச் போனது. அதோடு கிடங்குக்குள் தள்ளியதுதான்.

சென்ற ஆண்டு அறுவடைக் காலத்தில் மூட்டை அடுக்க இடம் போதவில்லை. "அண்ணே, அந்த இரும்பை எடுத்துப் போட்டால் எழுபது மூட்டை நிற்கும்" என்றார் தம்பி. அவர் சொன்னதில் கணக்குத் தப்பில்லை. காயலான் கடைக்காரரும் வந்து பார்த்து, எடைக்கு ஒரு விலை சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வண்டி ஏற்றுவதாக ஏற்பாடு.

அன்று மாலை வேறு வேலையாகக் கிடங்குக்கு வந்த டிராக்டர் மெக்கானிக் ஒருவர், வயது எழுபதுக்கு மேல், பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "முதலாளி, இது ஆஸ்டின் இல்லை. இது அந்தக் காலத்துச் சாம்பல் கலர் பெர்குசன் டிராக்டர் என்ஜின் மாதிரி இருக்கிறது. காருக்குள்ளே இதை வைத்தவன் ஸ்டாண்டர்டு கம்பெனிக்காரன் ஒருவன்தான்" என்றார். என்ஜினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவே உள்ள தடுப்பில் அழுக்கேறிய ஒரு சிறு தகடு இருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்ததும் எழுத்து தெரிந்தது. ஸ்டாண்டர்டு வேன்கார்டு. ஆறு பத்தாண்டுகளாக வேறு பெயரில் அழைத்து வந்திருக்கிறோம்!

வேன்கார்டு 1947-இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் அறிமுகமானது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் புதிதாக வரைந்து செய்த கார். 2,088 சி.சி. என்ஜின். அதே கம்பெனிதான் பெர்குசன் டிராக்டரையும் செய்து கொடுத்தது. ஆகவே அதே குடும்பத்து என்ஜின் டிராக்டரிலும் காரிலும் ஓடிற்று. பின்னர் டிரையம்ப் பந்தயக் காரிலும் ஏறிற்று. உழுகிற மாடும் தேர் இழுக்கிற மாடும் ஒரே கொட்டிலில் பிறந்த கதை. கியர் மூன்றுதான், ஸ்டியரிங் தண்டிலேயே கைப்பிடி இருக்கும். முதல் வகை வண்டியின் முதுகு கூரையிலிருந்து பின்புறம் வரை ஆமை ஓடுபோலச் சரிந்து இறங்கும். 1953-இல் வந்த அடுத்த வகையில் டிக்கி தனியாகத் துருத்தி நிற்கும். நம்முடையது ஆமை முதுகு.

இதில் நம்மவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஸ்டாண்டர்டு வெறும் வெள்ளைக்காரர் வண்டி அல்ல. சென்னையை அடுத்த வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி தொழிற்சாலை அமைத்து வேன்கார்டை இங்கேயே பூட்டி விற்றது. அதன்பின் ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட், 1961 முதல் ஹெரால்டு, 1972-இல் கேஸல், கடைசியாக 1985-இல் ஸ்டாண்டர்டு 2000. இங்கிலாந்தில் 1963-உடன் ஸ்டாண்டர்டு என்ற பெயரிலேயே கார் வருவது நின்றுபோயிற்று. சென்னையிலோ 1988-இல் கதவடைக்கும் வரை அந்தப் பெயர் உயிரோடு இருந்தது. தாய்க்கடை மூடியபின் கிளைக்கடை இருபத்தைந்து வருடம் நடந்ததைப் போல என்று வணிகர் மொழியில் சொல்லலாம்.

இந்த ஹெரால்டைப் பற்றிச் சொல்லும்போது நமது தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1996-இல் நம்மிடம் இருந்த ஒரு ஹெரால்டை நாமே எடைக்குப் போட்டோம். நான்கு கதவு உள்ள வண்டி. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு இரண்டு கதவோடுதான் விற்றது. நான்கு கதவு ஹெரால்டு என்பது 1960களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கென்று இங்கே செய்தது. உலகத்தில் வேறெங்கும் அது தயாராகவில்லை. இத்தாலிக்காரர் ஜொவானி மிக்கெலோட்டி வடிவம் வரைந்த கார், நம் ஊர்க் குடும்பங்களுக்காகக் கூடுதல் கதவு பெற்றது. அதை அறியாமல் கை நீட்டிக் காசு வாங்கினோம். அந்தப் பணத்தில் ஒரு தராசு வாங்கியதாக நினைவு. தராசும் இப்போது இல்லை.

ஆகவே உங்கள் வீட்டுக் கொட்டகையிலோ, ஆலையின் பின்புறத்திலோ ஏதேனும் கிடந்தால், பெயர் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். பெயர்ப்பட்டை கழன்று போயிருக்கும். அதை நம்பவும் வேண்டாம், ஒரு காரின் பட்டையை இன்னொன்றில் ஒட்டியிருப்பார்கள். அடையாளம் காண வேறு வழிகள் உண்டு.

அம்பாசடர் என்று எல்லோரும் நினைக்கும் வண்டி லேண்ட்மாஸ்டராக இருக்கலாம். இரண்டும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தரபாராவில் செய்தவை, இரண்டுக்கும் மூலம் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. பின்பக்க மட்கார்டைப் பாருங்கள். உருண்டு முடிந்தால் லேண்ட்மாஸ்டர். சிறு வால்போல மேல்நோக்கி நிமிர்ந்திருந்தால் அம்பாசடர். அம்பாசடர் 1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை வந்தது, நாடெங்கும் கிடக்கிறது. லேண்ட்மாஸ்டர் சில ஆண்டுகளே வந்தது. அரிதானது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஃபியட்டில் கதவைப் பாருங்கள். 1954 முதல் பம்பாயில் பிரீமியர் கம்பெனி பூட்டிய 1100 மில்லிசென்டோவில் முன்கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். கதவு காற்றை எதிர்த்துத் திறக்கும். வேட்டி கட்டியவர் ஏறி இறங்க அது வசதி, ஓடும்போது திறந்துகொண்டால் ஆபத்து. 1964-இல் வந்த 1100 டி வகையில் கீல் முன்பக்கம் மாறிவிட்டது. பத்மினி என்ற பெயர் 1974-இல்தான் வந்தது.

ஜீப் வைத்திருப்போர் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். போர் முடிந்தபின் ராணுவம் கழித்த ஜீப்புகள் நம் பக்கத்துக் கிராமங்கள் வரை வந்தன. ஜீப் என்றால் எல்லாம் வில்லிஸ் அல்ல. போர்க்காலத்தில் ஃபோர்டு கம்பெனியும் அதே வண்டியைச் செய்தது. முன்பக்கம் ரேடியேட்டருக்குக் கீழே குறுக்காக ஓடும் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த பள்ளமாக இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டுக்காரர் போல்ட்டுத் தலையில்கூட எஃப் என்ற எழுத்தை அடித்திருப்பார். முகப்பில் ஒன்பது துளை என்றால் பெரும்பாலும் போர்க்கால வண்டி; ஏழு துளை என்றால் பின்னால் பொதுமக்களுக்காகச் செய்தது. ஆனால் முகப்பை மட்டும் மாற்றிப் பொருத்தி விற்போரும் இருக்கிறார்கள். மிளகில் பப்பாளி விதை கலப்பவரை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

எந்த வண்டியானாலும் கடைசிச் சாட்சி எண்கள்தான். சேஸ் எண், என்ஜின் பிளாக்கில் அடித்த எண், ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய எண், இம்மூன்றும் ஒத்திருந்தால் ரசிகர்களிடம் மதிப்பே வேறு. என்ஜினை மாற்றி அம்பாசடர் டீசல் என்ஜின் வைத்த வண்டிகள் ஏராளம். ஓட்டத்துக்கு நல்லதுதான், மதிப்புக்கு நல்லதல்ல.

எத்தனை வயதானால் 'விண்டேஜ்' என்ற கேள்வி வரும். உலக அளவில் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பு ஃபீவா என்பது, 1966-இல் அமைந்தது. அவர்கள் கணக்கில் முப்பது வயது நிரம்பி, வரலாற்று முறைப்படி பேணப்படுவது பழம்வாகனம். அதிலும் 1919 முதல் 1930 முடியச் செய்தவற்றுக்கே 'விண்டேஜ்' என்ற பெயர். 1946 முதல் 1960 வரை போருக்குப் பிந்திய வகுப்பு. அந்த வகையில் நம் வேன்கார்டு விண்டேஜ் ஆகாது. இந்திய அரசின் கணக்கு வேறு. 2021 ஜூலையில் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுக்கு மேலாகி, சேஸ், பாடி, என்ஜின் பெரிதாக மாற்றப்படாதிருந்தால் அது விண்டேஜ். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பதிவு பத்தாண்டு செல்லும். மாநில எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' என்று எண் பலகையில் வரும்.

இதில் நமக்கு இரண்டு தடைகள். ஒன்று, இப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் மண்டிக்கு ஓட்டிப்போக முடியாது. கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கே சாலையில் வரலாம். தொழிலுக்குக் கூடவே கூடாது. இரண்டு, இந்த விதி இருசக்கர வண்டிக்கும் ஆள் ஏறும் சிறிய நான்கு சக்கர வண்டிக்கும்தான். லாரிக்கு இல்லை. நம் வணிகத்தைத் தூக்கிச் சுமந்தவை எவை? டாட்ஜ், ஃபார்கோ, பெட்ஃபோர்டு, 1954-இல் தொடங்கிய டாடா மெர்சிடிஸ் பென்ஸ், எண்ணூரிலிருந்து வந்த லேலண்ட் காமெட், இவைதாமே. சீமான் ஏறிய காருக்குத் தனி எண் கொடுக்கும் சட்டம், மூட்டை ஏற்றிய லாரியை மறந்துவிட்டது. இதைச் சங்கங்கள் மனுவாக எழுதலாம் என்பது நமது கருத்து.

இனி காகிதம். நல்ல வண்டிகள் பல, ஆர்.சி. இல்லாமலேயே இரும்பாகின்றன. நம் வண்டி தந்தையார் பெயரில் இருந்தது. அவர் மறைந்து நெடுநாள் ஆகிறது. வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31, தொலைந்த ஆர்.சி.க்கு நகல் பெறப் படிவம் 26 என்று சொன்னார்கள். விழுப்புரம் மாவட்டம் தென்னாற்காட்டிலிருந்து 1993-இல் பிரிந்தது. ஆகவே பழைய வண்டியின் பதிவேடு எந்த ஊரில் உள்ளது என்பதே முதல் தேடலாகிவிடுகிறது. நம்மைக் காப்பாற்றியது தந்தையாரின் வழக்கம். பழைய பேரேடுகளைத் துணியில் கட்டி ஆண்டு எழுதிப் பரணில் வைப்பார். 1961-62 கட்டை அவிழ்த்தபோது, நாள்வழியில் 'கார் கிரயம்' என்ற பற்றும், பேரேட்டு நடுவே மடித்து வைத்த ஆர்.சி. புத்தகமும், இன்ஷூரன்ஸ் ரசீது இரண்டும் கிடைத்தன. கரையான் அட்டையைத் தின்றிருந்தது, எண்ணைத் தொடவில்லை. பழைய கணக்குக் கட்டுகளை எடைக்குப் போடும் நண்பர்கள் முதலில் ஒருமுறை உதறிப் பார்க்கவும்.

இந்த ஈடுபாடு பணக்காரர் பொழுதுபோக்கு என்று நாமும் எண்ணியிருந்தோம். பார்க்கப் போனால் இதன் வேரில் வணிகரும் தொழிலாளரும் இருக்கிறார்கள். சென்னையில் கார் வாங்கிய முதல் இந்தியர் என்று சொல்லப்படுபவர் கட்டட ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியார்; பிரெஞ்சுக்காரர் செய்த டி டியோன் வண்டி, எண் எம்.சி. 3. கோவையில் ஜி.டி. நாயுடு 1920-இல் ஒரே பேருந்தோடு தொடங்கினார். அவர் குடும்பத்தார் அவிநாசி சாலையில் 2015-இல் திறந்த ஜிடி கார் அருங்காட்சியகத்தில் பல நாட்டு வண்டிகளை வரிசையாகப் பார்க்கலாம். வடபழனி ஏவி.எம். வளாகத்தில் 2023 மே மாதம் திறந்த பாரம்பரிய அருங்காட்சியகத்திலும் பழைய கார்கள் உள்ளன. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகள் சென்னையில் கண்காட்சி நடத்துகின்றன. டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையின் ஊர்வலம் 1964-இல் தொடங்கியது. லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஓடும் ஊர்வலத்துக்கு 1905-க்கு முன் செய்த வண்டிகளே வரலாம். இப்படிப்பட்ட ஓர் இடத்துக்குச் சென்ற மாதம் தம்பியையும் அழைத்துப் போனோம். நம்முடையதைப் போன்ற ஒரு வேன்கார்டைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று படம் எடுப்பதை அவர் பார்த்தார். திரும்பும் வழியில் மூட்டைக் கணக்குப் பேசவில்லை.

வண்டி வைத்திருப்போர்க்குச் சில சொற்கள். உடனே பளபளவென்று பெயின்ட் அடித்துவிடாதீர்கள்; பழைய நிறத்தின் ஒரு துளியாவது கதவு ஓரத்தில் மிஞ்சட்டும், அதுவே சான்று. நெடுநாள் நின்ற என்ஜினைப் பேட்டரி வைத்துச் சுற்றக் கூடாது. பிளக்கைக் கழற்றி எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்துக் கையால் ஹேண்டில் போட்டு மெல்லச் சுழற்ற வேண்டும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் குழாய்களை அது அரித்துவிடும், மாற்றிவிடுங்கள். மல்லாட்டைக் கிடங்கில் நிறுத்தினால் எலி வயரைக் கடிக்கும். நம் வண்டியில் ஒரு முழ வயர்கூட மிஞ்சவில்லை.

என்ஜின் இப்போது கையால் சுற்றுகிறது. மறுபதிவுக்கு விண்ணப்பம் தயாராகிறது. தம்பி மூட்டைகளைப் பக்கத்துக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார். வாடகையை நம் பற்றில் எழுதியிருக்கிறார். வலது பின்விளக்குக் கண்ணாடி ஒன்றுதான் எங்கும் அகப்படவில்லை. ஆமை முதுகு வேன்கார்டு வகைக் கண்ணாடி உங்கள் கிடங்கிலோ, பழைய உதிரிபாகக் கடையிலோ கண்ணில் பட்டால், இவ்விதழ் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். நியாயமான விலை தருகிறோம்.