நுரையீரல்: சொல்லமைப்பும் கொங்கு வட்டார வழக்கும்

முன்னுரை
ஒரு மொழியினர் உடலை எவ்வாறு அறிந்தனர் என்பதற்கு உறுப்புப் பெயர்கள் சான்றாகின்றன. நுரையீரல் என்னும் சொல்லின் அமைப்பையும், கொங்கு நாட்டுப் பேச்சு வழக்கில் அச்சொல் பெறும் இடத்தையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சொல்லமைப்பு
கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் ஆகிய மூன்றிலும் ஈரல் என்பது பொதுப்பெயர். முன்மொழி அதனை வேறுபடுத்தும் அடை. கல் என்பது திண்மையையும், நுரை என்பது காற்றுப் பொதிந்த மென்மையையும் சுட்டுகின்றன. கண்ணுக்கும் கைக்கும் புலனாகும் தன்மையே இங்குப் பெயராகியுள்ளது. மூச்சு என்னும் தொழில் பெயரில் இடம்பெறவில்லை. கொங்கு நாட்டில் வீட்டுமொழியாக வழங்கும் தெலுங்கில் இவ்வுறுப்பு ‘ஊபிரிதித்துலு’, அதாவது மூச்சுப்பைகள், எனப்படுகிறது. கன்னடமும் மலையாளமும் ‘சுவாசகோசம்’ என்னும் வடசொல்லை ஆள்கின்றன. இம்மூன்று மொழிகளும் தொழிலால் பெயரிட, தமிழ் தன்மையால் பெயரிட்டுள்ளது.

பேச்சு வழக்கு
மரபுத்தொடர்களில் நுரையீரல் தனித்து வருவது அரிது. பேரச்சத்தைக் குறிக்கும் ‘ஈரக்குலை நடுங்குகிறது’ என்னும் தொடரில், ஈரல்கள் ஒரு கொத்தாகவே சுட்டப்படுகின்றன. நோயைக் கூறுங்காலும் ‘நெஞ்சு அடைக்குது’, ‘மூச்சு வாங்குது’, ‘இளைப்பு’ என்பனவே வழங்குகின்றன. நோயுறுவது நுரையீரலாயினும் பேசப்படுவது நெஞ்சும் மூச்சுமே. ‘நகரத்தின் நுரையீரல்’ எனப் பூங்காக்களைக் குறிக்கும் இன்றைய இதழியல் வழக்கு ஆங்கிலவழி வந்தது. 1808இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் ஹைட் பூங்கா பற்றிய விவாதத்தில் வில்லியம் விண்டம் இவ்வுருவகத்தை எடுத்தாண்டார். இதன்வழி, பெயரில் இல்லாத மூச்சுத்தொழில் அச்சொல்லின் பொருளில் முதன்மை பெறுகிறது.

ஆலைத்தொழிலாளரின் சொற்கள்
கோயம்புத்தூரில் 1888இல் தொடங்கிய நூற்பாலைத் தொழில், பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கும் இடமளிப்பது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இதனை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகக் கொண்டிருந்தது. வார விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுதல் இதன் தொடக்கக் குறி. இந்நோய்க்கே உரிய தனித்த அடையாளம் எதுவும் ஊடுகதிர்ப் படத்தில் தோன்றுவதில்லை. எனவே மூச்சுத்திறன் சோதனையுடன், எந்நாளில் எவ்வாறு மூச்சு முட்டியது எனத் தொழிலாளர் கூறும் சொற்களே நோயை அறியத் துணை நிற்கின்றன. ‘நுரையீரலில் தொல்லை உண்டா?’ எனப் படிவம் வினவினால், ‘நெஞ்சு அடைக்குது’ என்று மட்டுமே கூறிப் பழகியவர் ‘இல்லை’ என விடையளிக்கக்கூடும். அவ்விடை அவர் பெறவேண்டிய இழப்பீட்டையும் தடுக்கக்கூடும்.

முடிவுரை
நுரையீரல் உறுப்பின் தன்மையைச் சொல்லும் பெயர்; அதன் துன்பத்தை மக்கள் நெஞ்சு, மூச்சு, இளைப்பு என்னும் சொற்களாலேயே உரைக்கின்றனர். வட்டாரச் சொல்லகராதிகள் இவ்விரு வழக்குகளையும் இணைத்துப் பதிவுசெய்தல் வேண்டும். மருத்துவப் படிவங்களின் தமிழும் அப்பதிவைத் தழுவி அமைதல் நன்று.