மூக்கில் பூக்கும் பூசணம்

ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி பட்டால் பூசணம் பூத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். பூசணத்தின் நுண்ணிய வித்துக்கள் காற்றில் எப்போதும் மிதக்கின்றன. நாம் இழுக்கும் மூச்சோடு உள்ளேயும் போகின்றன. பெரும்பாலோரை அவை ஒன்றும் செய்வதில்லை. சிலருக்கு மட்டும், கன்னத்துக்கும் நெற்றிக்கும் பின்னால் உள்ள காற்றறைகளில், ஸைனஸ் என்கிறார்களே, அங்கே குடியேறிவிடுகின்றன.

எல்லாம் ஒரே ரகமல்ல. ஒரு ரகம் அறைக்குள் உருண்டையாகத் திரண்டு கிடக்கும். டாக்டர் மூக்கின் வழியே கருவியை விட்டு அதை அகற்றிவிட்டால், பெரும்பாலும் பூஞ்சை மருந்துகூட வேண்டியிராது. இன்னொன்று ஒவ்வாமையாகி மூக்கில் சதை வளரச் செய்யும். அதற்கு ஆபரேஷனுக்குப் பின்னும் நீண்ட நாள் வைத்தியம் வேண்டும்.

மூன்றாவதுதான் பொல்லாதது. 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது ‘கறுப்புப் பூஞ்சை’ என்று வீட்டுக்கு வீடு பேசினோமே, அது இந்த ரகந்தான். கட்டுக்கடங்காத சர்க்கரையும், ஸ்டீராய்டு மருந்துகளும் அதற்குக் கதவைத் திறந்துவிட்டன. உண்மையில் கறுப்பு, பூஞ்சையின் நிறமல்ல. அது ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடுகிறது. ரத்தம் எட்டாத சதை செத்துக் கறுத்துப் போகிறது.

“மருந்து கொடுத்தால் போதாதா? கத்தி எதற்கு?” என்று கேட்பீர்கள். மருந்து ரத்தத்தோடுதானே போகவேண்டும்? ரத்தமே போகாத இடத்துக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? ஆகவே செத்த சதையை அகற்றியே தீரவேண்டும். சிலருக்கு இரண்டு மூன்று தடவைகூட. கூடவே ஆம்ஃபோடெரிஸின்-பி என்ற மருந்தை வாரக்கணக்கில் ஊசி வழியாக ஏற்றுகிறார்கள். அது சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் உண்டு. சர்க்கரையையும் அடக்கவேண்டும். கத்தி, மருந்து, கட்டுப்பாடு மூன்றும் சேர்ந்தால்தான் பிழைக்க வழி.

சர்க்கரை வியாதி உள்ளவருக்கு ஒரு பக்கக் கன்னம் மரத்தாலோ, மூக்கில் கறுப்பாக வடிந்தாலோ, கண் வீங்கினாலோ, பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, மேல் வரிசைப் பல் ஆடினாலோ, “ஜலதோஷந்தானே” என்று ஆவி பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். சில நாட்களிலேயே அது கண்ணுக்கும் மூளைக்கும் ஏறிவிடலாம். அன்றைக்கே காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் போங்கள். நோய் உங்களுக்கே என்றாலும், “சமையல் முடியட்டும், பண்டிகை போகட்டும்” என்று தள்ளிப் போடாதீர்கள்.

ஒன்று மட்டும் ஆறுதல். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி ஊட்ட நீங்கள் பயப்பட வேண்டியதே இல்லை.