குட்டியானைக்கு பேட்டரி வந்தாச்சு... கிராமத்துப் பிள்ளைகளுக்கு என்ன வேலை?

பச்சை நிற நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து. வாடகைக்கு ஓடும் மின்சார வாகனங்களுக்கு 2018-ம் ஆண்டு மத்திய அரசு கொடுத்த அடையாளம் இது. சரக்கு ஆட்டோ, குட்டியானை, நகரப் பேருந்து என ஒவ்வொன்றிலும் இந்தப் பலகை ஏறிக்கொண்டிருக்கிறது. டீசல் வண்டியை நம்பிப் பிழைக்கும் டிரைவர், மெக்கானிக் குடும்பங்களுக்கு இது கவலை. பத்தாவது முடித்த பிள்ளையை எதில் சேர்ப்பது என்று யோசிக்கும் விவசாயக் குடும்பங்களுக்கோ, இது ஒரு புதிய வழி.

பனியன் ஊருக்கு ஏன் பொருந்தும்?

திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியும் அங்கேதான். இந்தப் பகுதியில் ஒரு பனியன் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நூல் நிட்டிங்குக்குப் போகும். துணி சாயப்பட்டறைக்குப் போகும். அங்கிருந்து காம்பாக்டிங், பிரின்டிங், கட்டிங், தையல், செக்கிங் என்று பல இடம் சுற்றும். ஒவ்வொரு முறையும் ஒரு வண்டி வேண்டும். தூரம் சில கிலோமீட்டர்தான். இரவில் வண்டி வீடு திரும்பிவிடும். பேட்டரி வண்டிக்கு ஏற்ற ஓட்டம் இது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிக்கு இதே கணக்கு பொருந்தாது.

டாடா நிறுவனம் 2022 மே மாதம் ஏஸ் மின்சார வண்டியை அறிமுகப்படுத்தியது. 600 கிலோ சுமை, 21.3 யூனிட் கொள்ளளவு உள்ள பேட்டரி. 2024-ல் ஒரு டன் சுமக்கும் வண்டியும் வந்தது. மகிந்திரா, முருகப்பா குழுமத்தின் மான்ட்ரா ஆகிய நிறுவனங்கள் மூன்று சக்கர மின்வாகனங்களை விற்கின்றன.

எந்த வேலை குறையும், எது கூடும்?

மின்சார வண்டியில் இன்ஜின் ஆயில் கிடையாது. கிளட்ச், டீசல் பம்ப், இன்ஜெக்டர், சைலன்சர் எதுவும் கிடையாது. இந்த வேலைகளை மட்டுமே தெரிந்த பட்டறைக்கு வருமானம் குறையும். பிரேக், டயர், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் வேலைகள் அப்படியே இருக்கும்.

புதிதாகக் கூடுவது மின்சார வேலை. பேட்டரியைச் சோதிப்பது, கன்ட்ரோலரில் வரும் பழுதைக் கம்ப்யூட்டர் மூலம் கண்டுபிடிப்பது, வயரிங், சார்ஜர் பொருத்துவது, எர்த் சரிபார்ப்பது ஆகியவற்றுக்கு ஆள் தேவை. கிணற்று மோட்டாரோடு பழகிய கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது முற்றிலும் அந்நியமல்ல. பெரும்பாலான மின்வண்டிகளில் இருப்பதும் மூன்று பேஸ் மோட்டார்தான். பேட்டரியில் இருந்து வரும் டி.சி. மின்சாரத்தை ஏ.சி-யாக மாற்றி, வேகத்தைக் கட்டுப்படுத்துவது கன்ட்ரோலரின் வேலை. ஆனால், பயிற்சி இல்லாமல் கை வைக்கக் கூடாது. பல மூன்று சக்கர வண்டிகளில் 48 வோல்ட்தான். பஸ், லாரிகளில் பல நூறு வோல்ட். ஆரஞ்சு நிற கேபிள் இருந்தால் உயர் மின்னழுத்தம் என்று அர்த்தம்.

டிரைவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இலகு ரக வாகன உரிமம் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையில் இருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. அவற்றின் டிரைவர்களும் பராமரிப்பு ஆட்களும் ஒப்பந்த நிறுவனத்தின் பணியாளர்கள். கண்டக்டர்கள் மட்டுமே மாநகரப் போக்குவரத்துக் கழகத்தினர். எனவே, இதை அரசு வேலை என்று நினைத்துச் சேர்ந்துவிடாமல், சம்பளம், பி.எஃப்., வேலை நேரம் ஆகியவற்றை எழுத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

எங்கே படிக்கலாம்?

தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, ரூ.2,877 கோடியில் 71 அரசு ஐ.டி.ஐ-களை நவீன தொழில்நுட்ப மையங்களாகத் தரம் உயர்த்தியது. அதில் வந்த பிரிவுகளில் ஒன்று ‘மின்வாகன மெக்கானிக்’. இரண்டு ஆண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். அரசு ஐ.டி.ஐ-யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, தகுதி இருந்தால், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பெண் பிள்ளைகளும் தாராளமாகச் சேரலாம். எடை தூக்கும் வேலையைவிட மீட்டர் பிடித்துச் சோதிக்கும் வேலையே இதில் அதிகம். அருகில் எந்த ஐ.டி.ஐ-யில் இந்தப் பிரிவு இருக்கிறது என்பதை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கடன் வாங்கி வண்டி எடுக்கலாமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுமையோடு 100 கிலோமீட்டர் ஓட, சார்ஜ் ஏற்றும்போது ஆகும் இழப்பும் சேர்த்து 24 யூனிட் என்று வைப்போம். யூனிட் 10 ரூபாய் என்றால் 240 ரூபாய். டீசல் வண்டி லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்து, டீசல் 92 ரூபாய் என்றால் 575 ரூபாய். மிச்சம் 335 ரூபாய். மின்வண்டியின் விலை 4 லட்சம் கூடுதல் என்று கொண்டால், தினமும் 100 கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓடினால், அந்தக் கூடுதல் பணம் திரும்ப ஏறத்தாழ 4 ஆண்டுகள் ஆகும். 50 கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் 8 ஆண்டுகள். வட்டி தனி.

ஓட்டம் எப்போதும் நம் கையில் இல்லை. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவிகித வரி விதித்ததும் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் தவித்தார்கள். ஆர்டர் குறைந்தால் வண்டி வாடகையும் குறையும். மாதத் தவணை குறையாது. அதனால் காட்டையோ நகையையோ அடமானம் வைப்பதற்கு முன், நிரந்தரமாக லோடு தரும் கம்பெனி, பேட்டரிக்கு எத்தனை ஆண்டு வாரன்டி, அருகில் சர்வீஸ் இருக்கிறதா என்ற மூன்றையும் உறுதிசெய்ய வேண்டும்.

தோட்டத்து இணைப்பில் சார்ஜ் போடலாமா?

கூடவே கூடாது. இலவச விவசாய மின்சாரம் பாசனத்துக்கானது. வேறு வேலைக்குப் பயன்படுத்தினால், மின்சாரச் சட்டம் 2003, 126-வது பிரிவின்படி, அந்தப் பயன்பாட்டுக்கு உரிய கட்டணத்தைப்போல இரு மடங்கு விதிப்பார்கள். வாடகை வண்டிக்கு எந்தக் கட்டணத்தில் இணைப்பு வேண்டும் என்பதை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு, முறையாக வாங்குவதே பாதுகாப்பு.

வண்டிக்குக் கடன் வேண்டும்; தொழில் கற்க இரண்டு ஆண்டு உழைப்பு போதும். ஆர்டர் குறைந்து வண்டி நின்றாலும், பழுது பார்க்கத் தெரிந்த கைக்கு வேறு ஊரில் வேலை இருக்கும். வீட்டில் பிள்ளை இருந்தால், முதலில் ஐ.டி.ஐ. விண்ணப்பம், வண்டி ஷோரூம் அதற்குப் பிறகு.